ஏழைக்கு ஆகாத மண்

2030-க்குள் குடிசையே இல்லாத தமிழ்நாடு என்ற இலக்கோடு ‘கலைஞரின் கனவு இல்லம்’ திட்டத்தை அரசு 2024-இல் அறிவித்தது. ஒரு வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய். பரப்பு 360 சதுர அடி, அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை. சுவரைச் செங்கல்லில் எழுப்பலாம், இன்டர்லாக் கல்லில் எழுப்பலாம், ஏஏசி பிளாக்கில் எழுப்பலாம். மண்ணால் மட்டும் கூடாது என்கிறது வழிகாட்டு நெறிமுறை.

இன்னொரு பக்கம், தென்காசிச் சீமையில் குற்றாலத்திலிருந்து சிவகிரி வரைக்கும் மலையடிவாரத்தில் தோப்பு வாங்கி ஒதுங்க நினைக்கும் நகரத்துக்காரர் பலருக்கு மண்வீட்டின் மேல் ஆசை வந்திருக்கிறது. தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடித்து, வெளியூரிலிருந்து ஆள் வரவழைத்து, செங்கல் வீட்டுக்கு ஆகிற செலவுக்குக் குறையாமல் கொடுத்து மண்ணில் கட்டிக்கொள்கிறார்கள். இல்லாதவருக்கு விலக்கு, இருப்பவருக்கு விருப்பம். ஒரே மண் இரண்டு பேருக்கு இரண்டு விதமாக ஆனதில் ஒரு அறக்கேள்வி இருக்கிறது. இயற்கையோடு இசைந்து கட்டு என்று யார் யாரிடம் சொல்லலாம்? சொல்லுமுன் தன் பங்குக்கு என்ன செய்திருக்க வேண்டும்?

விலக்கியதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளியில் கீற்றுக் கூரை பற்றி எரிந்து 94 குழந்தைகள் மாண்டார்கள். 1968 டிசம்பரில் கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் அடைபட்டு எரிக்கப்பட்டவர்கள் 44 பேர். ஓலையும் மண்ணும் இயற்கையானவை என்ற பேச்சு அந்தக் கூரைகளின் முன்னால் எடுபடாது. தென்காசிச் சீமைக்கு இதில் சொந்தக் கணக்கும் உண்டு. செங்கோட்டை முன்பு திருவிதாங்கூரில் இருந்தது; 1956 நவம்பரில்தான் இந்தப் பக்கம் சேர்ந்தது. ஒடுக்கப்பட்ட சாதியார் மாடி வைத்தும் ஓடு வேய்ந்தும் வீடு கட்டத் தடை விதித்திருந்த அரசு அது. தாத்தா தலைமுறைக்கு மறுக்கப்பட்ட கூரையைப் பேரன் சிமெண்டில் போட்டுக்கொள்ளும்போது, அதில் சூழலியல் குற்றம் கண்டுபிடிக்கிறவர் கொஞ்சம் யோசிக்க வேண்டும். மழைக்கு ஒழுகாத, தீக்கு அஞ்சாத, பூட்டிவிட்டு வேலைக்குப் போகத்தக்க வீடு என்பது பவிசு இல்லை, பாதுகாப்பு.

ஆனாலும் சிமெண்டின் கணக்கு பொய்யில்லை. சுண்ணாம்புக்கல்லைச் சுமார் 1,450 டிகிரி வரை சுட்டால்தான் சிமெண்டுக்கு மூலமான கிளிங்கர் கிடைக்கும். சூளைக்கு எரிக்கிற நிலக்கரி ஒரு பங்குதான். கல்லுக்குள்ளேயே பூட்டிக் கிடந்த கரியமில வாயு கிளம்புவது அதைவிட அதிகம். சூளையை வெயிலிலே ஓட்டினாலும் அந்தப் பங்கு நிற்காது. உலகம் வெளிவிடும் கரியமில வாயுவில் ஏழெட்டு சதவீதம் சிமெண்டால் வருகிறது. இந்தச் சீமைக்கு அது தூரத்துச் சங்கதியும் இல்லை. தெற்கே தாழையூத்து சங்கர்நகரில் 1949-இலேயே ஆலை ஓடத் தொடங்கிவிட்டது. வடக்கே ராம்கோவின் பூர்வீகமே ராஜபாளையம். இந்த ஆலைகளால் சோறு சாப்பிட்ட குடும்பங்கள் ஏராளம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இனி கணக்கை ஆள் வாரியாகப் பிரித்துப் பார்க்கலாம். சதுர அடிக்குக் கிட்டத்தட்ட 0.4 மூட்டை சிமெண்ட் என்பது மேஸ்திரிகள் போடுகிற மனக்கணக்கு. 360 சதுர அடிக்கு 144 மூட்டை, ஏழு டன்னுக்குச் சற்று மேல். அதற்கு நாலரை டன் கரியமில வாயு என்று வைத்துக்கொள்ளலாம். சிவகிரியில் மண்வீடு கட்டிவிட்டு மாதம் ஒரு தடவை சென்னையிலிருந்து காரில் வந்துபோகிறவர் போகவர 1,100 கிலோமீட்டராவது ஓட்டுகிறார். லிட்டருக்குப் பதினைந்து கிலோமீட்டர் என்றாலும் 73 லிட்டர் பெட்ரோல். லிட்டருக்கு 2.3 கிலோ வாயு. ஒரு வருஷத்தில் இரண்டு டன். ஆக, ஒரு கூலிக்காரக் குடும்பம் ஆயுசுக்கும் ஒரு தடவை செலவழித்த சிமெண்டின் புகையை, மண்வீட்டுக்காரரின் கார் இரண்டேகால் வருஷத்தில் கக்கிவிடுகிறது. திட்டத்தின் எட்டு லட்சம் வீடுகளையும் சேர்த்துப் பார்த்தாலும் சுமார் 58 லட்சம் டன் சிமெண்ட்தான். இந்தியா ஒரே வருஷத்தில் உற்பத்தி செய்வது 40 கோடி டன்னுக்கு மேல். குடிசைவாசி கான்கிரீட் போடுவதால் பூமி சூடாகிறது என்று யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. எளிமை என்பது முதலில் குறைக்க இடம் உள்ளவர் தரவேண்டிய கடன்.

அப்படியானால் ஏழையை அவர் போக்கில் விட்டுவிடலாமா? அங்கேதான் அந்த ஒற்றை வரித் தடை உறுத்துகிறது. மண் வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவருக்கு உண்டு. வேண்டும் என்று சொல்லும் உரிமை மட்டும் எங்கே போனது?

மண் சுவர் என்றாலே இடிந்து விழுவது என்ற நினைப்புக்கு மண்ணைவிடக் கட்டிய விதமே காரணம். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண் போட்டு, மிச்சத்துக்குத் தண்ணீர் ஊற்றி, ஒரு சிட்டிகை உப்புச் சேர்த்துக் குலுக்கி வைத்தால் மணல் சில நிமிஷத்தில் அடியில் உட்கார்ந்துவிடும். அதன்மேல் நைசான வண்டல் படியும். களி தெளிய மறுநாள் ஆகும். களி ஐந்தில் ஒரு பங்கை ஒட்டி இருந்தால் சுவருக்கு ஏற்ற மண். சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல் இதில் தோற்றுவிடும்: ஈரத்தில் உப்பி, காய்ந்தால் வெடித்துவிடும். மலைப்பக்கத்துச் செம்மண் பெரும்பாலும் தேறும். மிதித்துப் புளிக்கவைத்த மண்ணோடு வைக்கோலைச் சேர்த்து, முழங்கால் உயரத்துக்கு ஒரு வரி வைத்து, அது இறுகிய பிறகே அடுத்த வரி. அடியில் ஈரம் ஏறாமல் கல் அஸ்திவாரம், மேலே சாரல் அடிக்காமல் நீண்ட இறவாரம். இந்த இரண்டும் இல்லாத மண் சுவர்தான் ஐப்பசியில் விழுகிறது. ஐந்து சதவீத அளவில் சிமெண்ட் கலந்து அழுத்திச் செய்யும் மண் கல், சுடாமலே சுமை தாங்கும். ஆரோவில் மண் கட்டுமான நிறுவனம் 1989-இலிருந்து இதைச் செய்து காட்டி, ஊர் ஊராக ஆட்களுக்குக் கற்றும் கொடுக்கிறது.

மலைக்கு அந்தப் பக்கம் திருவனந்தபுரத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கட்டியவை இன்னும் பொருத்தமான பாடம். செங்கல்லைப் படுக்கவைக்காமல் நிறுத்தி, நடுவில் காற்று இடைவெளி விட்டுக் கட்டும் சுவரில் கால்வாசிக் கல் மிச்சம். கான்கிரீட் தளத்தில் பாரம் தாங்காத அடிப்பகுதியில் பழைய ஓட்டைப் புதைத்தால் அந்த அளவுக்குக் கான்கிரீட்டும் மிச்சம், சூடும் கொஞ்சம் தணியும். ஒற்றைத்தள வீட்டுக்குள் வெக்கை பெரும்பாலும் கூரை வழியாகத்தான் இறங்குகிறது. சித்திரையில் பகலெல்லாம் தளம் குடித்த வெயில் ராத்திரி பத்து மணிக்கு மேல் கட்டிலுக்கு வருகிறது. சுவரைப் பற்றிச் சண்டை போடுகிறவர்கள் கூரையை மறந்துவிடுகிறார்கள்.

ஐந்து மைல் சுற்றளவில் கிடைப்பதைக் கொண்டு கட்டு என்ற காந்தியின் யோசனை தன்னைப் பாதித்ததாக பேக்கர் சொன்னதுண்டு. அருமையான யோசனை. ஆனால் சிவகிரியை மையமாக வைத்து அந்த வட்டத்தைப் போட்டால் மேற்கே காட்டு எல்லையில் போய் முட்டும். பக்கத்தில் கிடைக்கிறது என்பதாலேயே ஒரு பொருள் எடுப்பதற்கு உரியதாகிவிடாது. வைரம் பாய்ந்த பனங்கை கரையானுக்கும் அசையாது. ஆனால் அந்த வைரம் ஏறப் பல பத்து வருஷம் வேண்டும். பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021-இன் வேளாண் பட்ஜெட்டில் அறிவித்ததற்குக் காரணம் இருக்கிறது. கண்மாய் வண்டலைப் பண்ணைவீட்டுச் சுவருக்கு அள்ளினால் உழவருக்கும் குயவருக்கும் குறைகிறது. குற்றாலப் பகுதியில் இயற்கையான நீரோட்டத்தைத் திருப்பித் தனியார் விடுதிகள் அருவி உண்டாக்கியதை எதிர்த்து உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022-இல் நடவடிக்கைக்கு உத்தரவிட்டது. ஓடையை மறித்த பிறகு சுவர் மண்ணா சிமெண்டா என்பது இரண்டாம்பட்சம்.

பராமரிப்பு பற்றி மண்வீட்டு ஆதரவாளர்கள் அதிகம் பேசுவதில்லை. சாணம் கரைத்துத் தரை மெழுகியது யார், மழைக்குப் பிறகு சுவருக்குப் பூச்சுப் பூசியது யார் என்று கேட்டால் எந்தக் கிராமத்திலும் ஒரே பதில்தான் வரும்: வீட்டுப் பெண்கள், கூலி இல்லாமல், கூலி வேலை முடிந்து வந்த பிறகு. சிமெண்ட் தரை வந்தபோது அவர்கள் விட்ட பெருமூச்சைச் சூழலியல் கட்டுரைகள் கணக்கில் எடுப்பதே இல்லை. தென்காசிக் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியனுக்கு இந்தச் சங்கடம் புரிந்திருந்தது. பின்னாளில் கோயிலுக்குக் குறை நேர்ந்தால் அதைச் சரிசெய்து காப்பவர்களை, அவர்கள் யாராக இருந்தாலும், வணங்குவதாகக் கல்லில் வெட்டிவைத்தான். கட்டுவது ஒருவர், காப்பது இன்னொருவர் என்றால் கும்பிடாவது போட வேண்டும் என்று ஒரு ராஜாவுக்குத் தோன்றியிருக்கிறது. பண்ணைவீட்டுக்காரர் பூச்சு வேலைக்குக் கூலி கொடுத்துவிடுவார். 360 சதுர அடி வீட்டில் அந்த வேலை மறுபடி பெண் தலையில்தான் விழும். ஆண்டுக்கு ஆண்டு பூசாமல் தாக்குப்பிடிக்கிற மண் கல், சுண்ணாம்புக் காரை ஆகியவற்றைத்தான் அந்த வீட்டுக்குப் பரிந்துரைக்க முடியும். நெல்லைப் பக்கத்தில் ‘காரை வீடு’ என்றால் ஒரு காலத்தில் வசதியான வீடு. அதில் சிமெண்டே கிடையாது.

நெறிமுறையில் உள்ள வரியை எடுத்துவிட்டால் மட்டும் போதுமா? போதாது. ‘மண் போதும்’ என்று ஒப்பந்தக்காரர் மிச்சம் பிடிக்க அது வசதியாகிவிடும் என்ற பயம் நியாயமானது. அதனால் வரிசை மாற வேண்டும். தாலுகா அலுவலகம், ஊராட்சி மன்றக் கட்டடம், குற்றாலத்தில் அரசு கட்டும் விடுதி இவற்றை முதலில் மண் கல்லிலும் காரையிலும் கட்டட்டும். பொதுப்பணித் துறைப் பொறியாளர் அதற்கு மதிப்பீடு போட்டு, சோதனை செய்து, பில் எழுதிப் பழகட்டும். பிரதமரின் ஊரக வீட்டுத் திட்டத்தில் பயனாளிக்கு நூறு நாள் வேலைக் கணக்கில் 90 மனித நாள் கூலி கொடுத்த முன்மாதிரி உண்டு. அப்படிக் கூலி கிடைக்கும் நாட்களில் குடும்பமே தன் மண் கல்லை அழுத்திக்கொள்ளலாம். அதைக் கேட்பதா, செங்கல்லே போதும் என்பதா என்று முடிவெடுப்பது அந்தக் குடும்பத்தின் பாடு.