உறுதி எழுதிக் கொடுத்த கிணறு

இலாபத்துக்காக நடக்கும் ஒரு கம்பனி, தான் சம்பளம் கொடுத்து எழுதுவித்த மென்பொருளை இலவசமாக விட்டால் அதைக் கொடை என்று சொல்லலாமா? வல்வெட்டித்துறையில் பிள்ளைகளுக்குக் கணினி படிப்பிக்கும் என்னிடம் இக்கேள்வி அடிக்கடி வருகிறது. "சும்மா தருவாங்களோ சேர்?" என்கிறார்கள்.

2004 டிசம்பர் 26இல் சுனாமி எங்கள் வடமராட்சிக் கரையையும் அழித்துச் சென்றது. காணாமற்போனவர் யார், எந்த முகாமில் எவர், எங்கே என்ன தேவை என்று பதிய வழியின்றி நாடு திணறியது. கொழும்பு மென்பொருட் கம்பனிகளில் வேலை செய்தவர்கள் சில நாட்களிலேயே கூடி அதற்கொரு மென்பொருளை எழுதினார்கள். பெயர் 'சஹானா'; சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள். லங்கா சொப்ட்வெயார் பவுண்டேசன் அதைத் திறந்த மூலமாக வளர்த்தது. அதாவது, எழுதிய நிரலை யாரும் பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவிலும் அது பயன்பட்டது.

எழுதியவர்கள் மனத்தில் இரக்கம் இருந்தது. கம்பனிகளின் கணக்கில் நற்பெயரும் இருந்திருக்கலாம். அதை அளக்க நம்மிடம் கோல் இல்லை. அளக்கக்கூடியது வேறொன்று: கொடுத்தவன் மனம் மாறினால் கொடை என்னவாகும்?

தன் வளவுக் கிணற்றில் ஊரை அள்ளவிடுபவன் நாளை படலையைச் சாத்தலாம். ஊருக்கென்று உறுதி எழுதிக் கொடுத்த கிணற்றை அவனாற் பூட்டமுடியாது. வக்பு என்றால் என்னவென்று அறிந்த வாசகருக்கு இதை நான் விளக்கவேண்டியதில்லை. திறந்த மூல உரிமமும் அப்படியொரு உறுதிதான். 2023இல் ஹாஷிகோர்ப் என்ற அமெரிக்கக் கம்பனி தனது 'டெராஃபோர்ம்' மென்பொருளின் உரிமத்தை இறுக்கியது. புதிய பதிப்புகளைத்தான் இறுக்க முடிந்தது. முன்பு திறந்து விட்டதை எடுத்து மற்றவர்கள் 'ஓப்பன்டோஃபு' என்ற பெயரில் தொடர்ந்தார்கள்.

ஆனால் உறுதி மட்டும் தண்ணீர் தராது; தூர்வாராத கிணறு பாழாகும். உலகமெங்கும் இணையப் பரிமாற்றங்களைக் காத்த 'ஓப்பன்எஸ்எஸ்எல்' மென்பொருளை ஒரு சிலரே பராமரித்து வந்தார்கள். 2014இல் அதிற் பெரிய ஓட்டை வெளிப்பட்ட பிறகே, அதுவரை இலவசமாக எடுத்த பெருங்கம்பனிகள் சேர்ந்து பணம் போட்டன. அங்கே அவை கொடையாளிகள் அல்ல, கடன்காரர்கள்.

ஆகவே கொடுப்பவன் நல்லவனா என்று கேட்கும் பிள்ளைகளுக்கு நான் இரண்டு காரியம் சொல்கிறேன்: உரிமத்தை வாசியுங்கள், நிரலை வாசிக்கப் பழகுங்கள். முதலாவது தெரியாதவன் ஏமாறுவான். இரண்டாவது தெரியாதவன், கிணறு திறந்திருந்தாலும் இன்னொருவன் வந்து அள்ளித் தரும்வரை காத்திருப்பான்.