உடலும் நானே



பொதுக்காலத்தின் 2ஆம் ஞாயிறாகிய இன்று, புனித பவுல் நம் உடலைத் தூய ஆவியார் குடியிருக்கும் ஆலயம் என்கிறார். ஆன்மாவைப் பேணினால் போதும், உடல் எக்கேடு கெட்டாலும் பரவாயில்லை என்பது அவர் போதனை அல்ல.

ஆனால் நாம் உடலை எப்படி நடத்துகிறோம்? நம் ஊராகிய தாராசுரத்தில் குழித்தறியில் உட்காருகிறவர்களுக்குத் தெரியும். கால் மிதியில், கை நாடாவில், கண் சரிகை இழையில். இடுப்பு பிடித்துக்கொள்ளும், கழுத்து இறுகும். 'முகூர்த்தப் புடவை, இன்னும் ஒரு முழம் முடித்துவிட்டு எழுந்திருப்போம்' என்று வலியை அடக்கிக்கொள்கிறோம். நாள் முழுக்கச் சேற்றில் குனிந்து நடவு நடும் தாய்மாருக்கும் இதே கதைதான். உடலை வேலைக்காரனாகவே வைத்திருக்கிறோம். அது படுத்த பிறகுதான் திரும்பிப் பார்க்கிறோம்.

கடவுளோ உடலை ஒதுக்குவதில்லை. இன்றைய முதல் வாசகத்துச் சிறுவன் சாமுவேலைப் பாருங்கள். கடவுள் அழைக்க, குரு ஏலிதான் கூப்பிட்டார் என்று எண்ணி மூன்று முறை எழுந்து அவரிடம் போகிறான். கடவுளின் அழைப்பு அவன் தூக்கத்தைக் கலைத்து, அவனை நடக்க வைத்துத்தான் அவனுக்குள் இறங்குகிறது.

உடல் இறைவன் வாழும் இடம் என்ற உண்மையை நம் மண்ணிலும் தேடியவர்கள் உண்டு. மயிலாடுதுறை போகும் வழியில் உள்ள திருவாவடுதுறையில் வாழ்ந்த யோகி திருமூலர் அவர்களில் ஒருவர். மேய்ப்பன் மூலன் இறந்து கிடக்க, பசுக்கள் அவன் உடலைச் சுற்றிக் கதறியதைக் கண்டு மனமிரங்கி, அந்த உடலுக்குள் புகுந்து அவற்றின் துயர் தீர்த்தார் என்பது சைவ மரபு. உடலை இழிவென்று முன்பு எண்ணியிருந்த தாம், இறைவன் அதற்குள் இருப்பதைக் கண்டபின் அதைப் பேணத் தொடங்கியதாகத் திருமந்திரத்தில் அவர் சொல்கிறார். நம் ஊர் ஐராவதேசுவரர் கோயிலில், 12ஆம் நூற்றாண்டில், இரண்டாம் இராசராசன் காலத்துச் சிற்பிகள் செதுக்கிய 63 நாயன்மார்களில் அவரும் ஒருவர்.

அப்படியானால் யோகாசனம் செய்வது நம் நம்பிக்கைக்கு ஆகுமா என்று சிலர் கேட்கிறீர்கள். கிறிஸ்தவத் தியானம் பற்றி 1989இல் திருச்சபை ஆயர்களுக்கு எழுதிய மடல், உடலை வைத்திருக்கும் நிலை மனம் ஒருமுகப்பட உதவும் என்று ஏற்றுக்கொள்கிறது. உடலில் தோன்றும் இதமான உணர்வையே இறை அனுபவம் என்று மயங்கக்கூடாது என்றும் எச்சரிக்கிறது. ஆகவே முதுகை நிமிர்த்தி உட்காருங்கள், மூச்சைக் கவனியுங்கள். அந்த அமைதியில் ஆண்டவரோடு பேசுங்கள்.

உடலை மதிக்க நமக்கு இதைவிடப் பெரிய காரணமும் உண்டு. கடவுளின் மகன் மனித உடலெடுத்தார். பசித்தார், களைத்துக் கிணற்றடியில் உட்கார்ந்தார், சிலுவையில் வலி தாங்கினார். உயிர்த்த பிறகும் அவர் உடலைக் கழற்றிப் போடவில்லை. காயத் தழும்புகளோடுதான் சீடர்முன் நின்றார்.

இந்த வாரம் ஒன்று செய்யுங்கள். காலையில் எழுந்ததும் சிலுவை அடையாளத்தை அவசரமில்லாமல் வரையுங்கள். நெற்றி, நெஞ்சு, தோள்கள் என்று கை தொடும் இடமெல்லாம் கடவுள் தந்தது என்று நன்றி சொல்லுங்கள். வலிக்கும் இடத்தையும் அவரிடம் காட்டுங்கள்.

அதோடு நின்றுவிடாதீர்கள். உங்கள் தறியிலும் வயலிலும் கூலிக்கு உழைப்பவரின் உடலும் அதே ஆலயம்தான். அவருக்கு நிழலும் குடிநீரும் ஓய்வும் நியாயமான கூலியும் கொடுங்கள். அந்த ஆலயத்தைச் சிதைத்துவிட்டு இந்த ஆலயத்தில் நாம் செலுத்தும் காணிக்கையைக் கடவுள் ஏற்கமாட்டார். ஆமென்.