நாசித் துளியும் நோன்பும்

கொரோனா அச்சம் இன்று தணிந்துவிட்டது. ஆயினும் அந்நாளில் என்னிடம் கேட்கப்பட்ட ஒரு மஸ்அலாவை எழுதி வைப்பது நலமென்று தோன்றுகிறது.

2023-ஆம் ஆண்டு, ரமலானுக்கு மூன்று நாட்கள் இருந்தன. மதுரைப் பள்ளிவாசல் ஒன்றில் அஸர் தொழுது எழுந்தபோது மேலூர்ப் பக்கத்து வியாபாரி ஒருவர் என்னை நிறுத்தினார். இரண்டு ஊசி போட்டுக்கொண்டவர். "ஹஜ்ரத், ஊசியால் நோன்பு முறியாது என்கிறீர்கள். மூக்கில் விடும் மருந்துக்கு என்ன சட்டம்?"

அவர் கேட்டது, பாரத் பயோடெக் நிறுவனம் அவ்வாண்டு ஜனவரி 26-இல் வெளியிட்ட 'இன்கோவாக்' பற்றி. நாசிக்கு நான்காக எட்டுத் துளிகள். கையில் போடும் ஊசி பெரும்பாலும் இரத்தத்திலேயே எதிர்ப்புப் பொருளை உண்டாக்குகிறது. நாசியின் ஈரத்தில் அது சொற்பமே கசியும். மூக்கில் இடும் மருந்தோ அங்குள்ள சளிச்சவ்வைத் தூண்டி, ஐ.ஜி.ஏ. என்னும் வேறொரு வகையைச் சளியோடு சுரக்கச் செய்கிறது. வரும் கிருமியை அது வாசலிலேயே பற்றிக்கொள்ளும். போலியோ சொட்டு மருந்து குடலில் செய்வதும் இத்தகையதே.

"வேலை மூக்கோடு முடிகிறதே, நோன்பு ஏன் முறிய வேண்டும்?" என்றார். கெட்டிக்கார வாதம்தான். ஆனால் நமது புகஹாக்கள் மருந்து எங்கே வேலை செய்கிறது என்று பார்க்கவில்லை. எதுவரை செல்கிறது என்றே பார்த்தார்கள். நோன்பாளி உளூவில் மூக்கிற்கு நீர் செலுத்துவதை மிகைப்படுத்த வேண்டாமென நபி (ஸல்) அவர்கள் சொன்னதை அன்பர்கள் அறிவீர்கள். துளி மூக்கைக் கடந்து தொண்டைக்குள் இறங்கினால் ஹனபி, ஷாபிஈ இரு மத்ஹபுகளிலும் நோன்பு முறியும்; களாச் செய்ய வேண்டும்.

"அப்படியானால் பெருநாள் கழித்துப் பார்க்கலாம்" என்று நிம்மதியோடு கிளம்பியவர், செருப்பை மாட்டும்போதுதான் சொன்னார், வீட்டில் எண்பதைத் தாண்டிய அம்மா சிறுநீரக நோயோடு படுத்திருக்கிறார்கள் என்று.

இது முதலிலேயே தெரிந்திருந்தால் பேச்சை வேறிடத்தில் தொடங்கியிருப்பேன். ஊசியின் பலன் முதலில் போட்டவருக்கு. வாசலில் வைக்கும் காவலின் நோக்கமோ, நாம் கிருமியைச் சுமந்து சென்று பிறருக்குக் கொடுக்காமலிருப்பது. (இம்மருந்து பரவலை எந்த அளவு தடுத்தது என்பது முடிவாக நிறுவப்படவில்லை, அதை மறைக்கக் கூடாது.) அந்த நோக்கத்துக்காக ஒன்றைச் செய்யும்போது, தள்ளிப்போடும் உரிமை நமக்கு மட்டும் உரியதா? நோயாளிக்குரிய சலுகையை ஆரோக்கியமானவருக்கு நான் எளிதில் தரமாட்டேன். ஆனால் அவர் நோன்பை முறிக்க வேண்டிய நிலையே வரவில்லையே! ஷஃபான் முடியவில்லை. ரமலானிலும் இரவுகள் உண்டு. நோன்பு குறுக்கே நிற்கவில்லை. என்னுடைய பத்வாவைத்தான் அவர் குறுக்கே நிறுத்திக்கொண்டார், நானும் அதற்கு இடம் கொடுத்துவிட்டேன்.

வாசல்வரை சென்று, "நாளைக் காலையிலேயே போட்டுக்கொள்ளுங்கள், பாய். அம்மாவுக்கு என் ஸலாம் சொல்லுங்கள்" என்றேன்.