கேக் பொட்டலமும் ஒரு பொய்யும்

திருவருகைக் காலத்தின் முதல் வாரத்தில் ஒரு மாலை, எம் பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் என் அறை வாசலில் வந்து நின்றார். அவருடைய மகன் வளைகுடா நாடு ஒன்றில் வேலை செய்கிறான். சென்ற ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவுக்குத் தம் கையாலேயே கேக் செய்து, விடுமுறை முடிந்து திரும்பிய பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்தனுப்பியிருந்தார். "அருமையாக இருந்தது அம்மா, எல்லாரும் ருசித்துச் சாப்பிட்டோம்" என்று மகன் தொலைபேசியில் சொன்னான். தாயின் உள்ளம் குளிர்ந்தது. பல மாதங்கள் கழித்து, மகனுடன் ஒரே அறையில் தங்கியிருக்கும் நண்பன் ஊருக்கு வந்தபோது, பேச்சுவாக்கில் உண்மை வெளிப்பட்டது. கேக் பெட்டிக்குள் நொறுங்கி, பூசணம் பூத்துக் கிடந்ததாம். திறந்த அன்றே குப்பையில் கொட்டிவிட்டார்களாம்.

"சாமி, கேக் போனால் போகட்டும். அவன் அப்படிச் சொன்னது பாவமா? பாவமில்லை என்றால் எனக்கு ஏன் இப்படி வலிக்கிறது?"

உடனே விடை சொல்ல என்னால் இயலவில்லை. அவருடைய மகன் சொன்ன அதே பொய்யை நானும் ஒரு காலத்தில் சொன்னவன். அதுவும் ஒரு முறையன்று, நான்கு முறை.

வீட்டில் கேக் செய்வது எத்தகைய உழைப்பு என்பதைக் கடைக் கேக்கை மட்டும் அறிந்தவர்கள் உணர மாட்டார்கள். தலைச்சேரியில் மாம்பள்ளி பாப்பு என்பவர் 1883ஆம் ஆண்டு ஓர் ஆங்கிலத் தோட்டக்காரருக்காகச் செய்து கொடுத்ததே இந்நாட்டின் முதல் கிறிஸ்துமஸ் கேக் என்று கூறுவர். அந்நியர் வீட்டுப் பண்டமாக வந்தது இன்று நம் தாய்மாரின் பண்டமாகிவிட்டது. தூத்துக்குடியில் நான் சிறுவனாக இருந்தபோது, ஐப்பசி மாதத்திலேயே என் அம்மா உலர்திராட்சையையும் முந்திரியையும் நறுக்கி ஊறவைத்துவிடுவார். வளர்த்த கோழிகளின் முட்டைகளை ஒவ்வொன்றாகச் சேர்ப்பார். சர்க்கரையைக் கருக்கி நிறத்துக்கு எடுத்துவைப்பார். வெண்ணெயும் சர்க்கரையும் நுரைத்து வரும்வரை கையாலேயே அடிப்பார். வீட்டில் அடுமனை அடுப்பு ஏது? மாவைப் பாத்திரத்தில் ஊற்றி, பெயர் எழுதிய சீட்டை ஒட்டி, பேக்கரிக்காரரின் விறகடுப்பில் சுட்டுத் தரக் கொடுப்பார். பேக்கரி இல்லாத ஊர்களில் பெரிய பாத்திரத்தில் மணலைப் பரப்பி, மாவுப் பாத்திரத்தை அதன்மேல் வைத்து மூடி, மூடியின் மேல் தணலைக் கொட்டிச் சுடுவார்கள்.

ஆனால் தொலைவில் இருக்கும் பிள்ளைக்கு அனுப்ப, சுடுவது பாதி வேலைதான், கட்டுவது மறுபாதி. சுடும்போது நம் கைப்பக்குவத்தை நினைக்கிறோம். கட்டும்போதோ வழியை நினைக்க வேண்டும். வெயிலை, மழையை, பொட்டலத்தைத் தூக்கி எறியும் கைகளை, திறக்கப்போகும் பிள்ளையை நினைக்க வேண்டும். இரு உலகப் போர்களின்போதும் ஆஸ்திரேலியக் குடும்பத்துப் பெண்கள் பழக்கேக்குகளைத் தகரப் பெட்டியில் அடைத்து, பெட்டியைச் சுற்றித் துணி தைத்து, கடல் கடந்த போர்முனைக்கு அனுப்பினார்கள். அண்டார்க்டிகாவின் அடேர் முனையில் உள்ள பழைய குடிசையில் ஒரு பழக்கேக் கண்டெடுக்கப்பட்ட செய்தி 2017இல் வெளியானது. 1910இல் புறப்பட்ட ஸ்காட் குழுவினர் விட்டுச் சென்றதாகக் கருதப்படும் கேக் அது. தகரம் துருப்பிடித்திருந்தது, தாளில் சுற்றிய கேக்கோ ஏறக்குறைய உண்ணத்தக்க நிலையில் இருந்ததாம். கடுங்குளிரும் காத்தது, கட்டிய விதமும் காத்தது. சர்க்கரையும் உலர்பழங்களும் நிறைந்த கேக்கில், கிருமி வளர்வதற்கு வேண்டிய ஈரத்தைச் சர்க்கரை பற்றிக்கொள்கிறது. ஆதலால் அது எளிதில் கெடாது. கேக்கைச் சூடு ஆறுமுன் பெட்டியில் வைத்து மூடினால் மட்டும் கதை வேறு. ஆவி மூடியில் படிந்து நீராகி, மீண்டும் கேக்கின் மேலேயே சொட்டும். பூசணத்துக்கு அது போதும்.

என் அம்மாவுக்கு நேர்ந்தது அதுதான். நான் வடநாட்டுக் குருமடம் ஒன்றில் இறையியல் பயின்றபோது, ஒவ்வொரு டிசம்பரிலும் காடாத்துணியில் தைத்து, அரக்கு முத்திரையிட்ட பொட்டலம் ஒன்று வரும். துணியின் மேல் என் முகவரி அம்மாவின் கோணல் எழுத்தில் இருக்கும். பத்துப் பன்னிரண்டு நாள் பயணம். முதல் ஆண்டு பெட்டியைத் திறந்ததும் பூசண வாடை முகத்தில் அடித்தது. யாரும் பார்க்குமுன் தோட்டத்துக் குழியில் போட்டேன். அன்றிரவே, "கேக் மிக நன்றாக இருந்தது. நண்பர்கள் உங்கள் கைப்பக்குவத்தைப் புகழ்ந்தார்கள்" என்று கடிதம் எழுதினேன். அடுத்த ஆண்டும் அதே பொட்டலம், அதே பூசணம், அதே கடிதம். நான்கு ஆண்டுகள் இப்படியே கழிந்தன.

இதில் நகைப்புக்குரியது ஒன்று உண்டு. அந்நாள்களில்தான் பொய்யைப் பற்றிய பாடத்தை நான் படித்துக்கொண்டிருந்தேன். எந்த நன்மைக்காகவும் பொய் சொல்லலாகாது என்பது புனித அகுஸ்தீனின் உறுதியான நிலை. புனித தோமா அக்குவினாஸ் பொய்யை மூவகையாகப் பிரிக்கிறார்: கேலிக்குச் சொல்வது, பிறர் நன்மைக்குச் சொல்வது, கேடு விளைவிக்கச் சொல்வது. பிறர் நன்மைக்குச் சொல்வது சாவான பாவமன்று. ஆயினும் பாவமே என்கிறார். உண்மையை விவேகத்தோடு வெளியிடாமல் இருக்கலாம், பொய் உரைக்கலாகாது என்றும் வேறுபடுத்திக் காட்டுகிறார். இவற்றையெல்லாம் தேர்வுத்தாளில் எழுதி நல்ல மதிப்பெண் பெற்றேன். அம்மாவுக்கு எழுதிய கடிதம் இந்த மூவகையில் எங்கே சேரும் என்று மட்டும் என்னை நானே கேட்கவில்லை. அது அன்பின் வகை என்று முடிவு செய்துகொண்டேன்.

குருப்பட்டத்துக்கு முந்திய விடுமுறையில் ஊர் வந்தேன். பெரியம்மா மகள் ஒருத்திக்கு அனுப்ப அம்மா கேக் கட்டிக்கொண்டிருந்தார். பேக்கரியிலிருந்து வந்த சூடு தணியவில்லை. அஞ்சலகம் மூடுவதற்குள் போக வேண்டும் என்ற அவசரம். என்னை அறியாமல் வாய் தவறி, "ஆறவையுங்கள் அம்மா, எனக்கு வந்ததெல்லாம் இப்படித்தான் கெட்டுப்போனது" என்றேன். அம்மாவின் கை நின்றது. அழவில்லை, சினக்கவுமில்லை. சற்றுப் பொறுத்து, "முதல் வருஷமே சொல்லியிருந்தால் ஆறவைத்துக் கட்டியிருப்பேனே, தம்பி. மூன்று வருஷமாவது நீ தின்றிருப்பாயே" என்றார்.

ஐந்தாண்டு இறையியல் எனக்குப் புகட்டாததை அந்த ஒரு சொல் புகட்டிற்று. என் பொய் யாரைக் காத்தது? அம்மாவையா? இல்லை. வருத்தமளிக்கும் செய்தியைச் சொல்லும் சங்கடத்திலிருந்து என்னைக் காத்தது. அம்மாவிடமிருந்தோ, தம் தவற்றைத் திருத்திக்கொள்ளும் வாய்ப்பைப் பறித்தது. அவருடைய உழைப்பை நான்கு முறை குழியில் போட்டது. பொய்யில் வாழ்ந்த அந்தப் புகழ்ச்சி, அவர் அன்பைக் குழந்தையின் அன்பாக எண்ணி நடத்தியது. உண்மையைத் தாங்கும் வலிமை அவருக்கில்லை என்று நானே தீர்ப்பிட்டது. இந்தத் தாயின் வலியும் இதுதான் என்று கருதுகிறேன். கேக் கெட்டதால் வந்ததன்று. மகன் தம்மை நம்பவில்லையே என்பதால் வந்தது.

சாமுவேல் முதல் நூலில் ஒரு காட்சி வருகிறது. ஏலா பள்ளத்தாக்கில் போர்முனையில் இருந்த மூத்த மகன்களுக்கு வறுத்த தானியத்தையும் பத்து அப்பங்களையும் தாவீதின் கையில் ஈசாய் கொடுத்தனுப்புகிறார். அதோடு நிற்கவில்லை. அண்ணன்மார் நலமாய் இருக்கிறார்களா என்று விசாரித்து, அதற்கு ஓர் அடையாளமும் பெற்று வரும்படி சொல்கிறார். அப்பம் போகிறது, உண்மைச் செய்தி திரும்பி வரவேண்டும். தொலைவில் உள்ளவர்க்குப் பண்டம் அனுப்பும் ஒவ்வொரு தந்தையும் தாயும் கேட்பது அந்த அடையாளத்தையே. பாராட்டை அவர்கள் கேட்கவில்லை.

அப்படியானால் உள்ளதை உள்ளபடி முகத்தில் எறிந்துவிடலாமா? அதுவும் ஆகாது. எபேசியருக்கு எழுதிய திருமடலில் பவுலடியார் உண்மையையும் அன்பையும் ஒன்றாகவே சேர்த்துச் சொல்கிறார். உண்மையையும் கேக்கைப் போலவே கட்டித்தான் அனுப்ப வேண்டும். சினத்தின் சூடு ஆறிய பின் கட்ட வேண்டும். உடையாதபடி நன்றியைச் சுற்றிலும் வைக்க வேண்டும். "அம்மா, பொட்டலத்தைப் பார்த்ததும் வீட்டுக்கு வந்ததுபோல் இருந்தது. ஆனால் வழியில் கெட்டுவிட்டது, அடுத்த முறை நன்றாக ஆறவைத்துக் கட்டுங்கள்" என்று நான் எழுதியிருந்தால் அதில் பொய்யும் இல்லை, புண்ணும் இல்லை.

அனுப்புகிறவர்க்கும் ஒரு கடமை உண்டு. சிறு குறை சொன்னாலும் கண் கலங்கும் பெற்றோரிடம் பிள்ளைகள் பொய் சொல்லப் பழகுகிறார்கள். உண்மையைக் கேட்கும் முகம் நம்மிடம் இருந்தால்தான் உண்மை நம்மைத் தேடி வரும்.

இதை எல்லாம், என் கதையையும் சேர்த்து, அந்தத் தாயிடம் சொன்னேன். "மகன் செய்தது சிறு குற்றம் அம்மா, ஆனால் குற்றமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன்" என்றேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. எழும்போது, "எத்தனை மணி நேரம் ஆறவைக்க வேண்டும் சாமி?" என்று கேட்டார். "ஓர் இரவு முழுக்க" என்றேன்.

சென்ற வாரம் அவருடைய பொட்டலம் புறப்பட்டுவிட்டது. பெட்டிக்குள் கேக்கின் மேல் ஒரு சீட்டு வைத்திருப்பதாகச் சொன்னார். "உடைந்திருந்தால் உடைந்தது என்று சொல், அம்மா தாங்குவேன்" என்று அதில் எழுதியிருக்கிறாராம். மகனிடமிருந்து இன்னும் செய்தி வரவில்லை. அவரோடு நானும் காத்திருக்கிறேன்.