வென்றவர் யார்?

வெற்றிக்குப் பரிசளிப்பது உலக வழக்கு. பண்புக்கும் பரிசளிக்கலாமா? பரிசு உண்டென்று அறிந்தபின் காட்டப்படும் பண்பு பண்பாகுமா? சாத்தம் பாலத்தைக் கடந்து இல்லம் திரும்பிய ஒரு மாலையில் இக்கேள்வி நம்முள் எழுந்தது.

காரணம் சிறிதே. ஞாயிறுதோறும் இங்கு இளைஞர் ஆடும் கிரிக்கெட் ஆட்டமொன்றில், பந்து மட்டையை உரசிச் சென்றது. நடுவர் அறிந்தாரில்லை. நம் பையனோ மட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு தானே வெளியேறினான். நம் அணி நான்கு ஓட்டங்களில் தோற்றது. பரிசளிப்பில் மிகுதியாக ஓட்டம் எடுத்தவர்க்கு ஒரு கோப்பை, விக்கெட் வீழ்த்தியவர்க்கு ஒரு கோப்பை, அவனுக்கு ஏதுமில்லை. "ஏண்டா நீயாகப் போனாய்?" என்று பெரியவர் ஒருவர் கடிந்தபோது, அருகில் நின்ற நாமும் வாய் திறந்தோமில்லை.

பேரரங்குகளிலும் இதுவே நிலை. 1980இல் பம்பாயில் இங்கிலாந்துடன் நடந்த பொன்விழா டெஸ்ட் ஆட்டத்தில், நடுவர் அவுட் கொடுத்துவிட்ட பாப் டெய்லரை அணித்தலைவர் விசுவநாத் திரும்ப அழைத்தார். டெய்லரும் போத்தமும் இணைந்து 171 ஓட்டங்கள் குவித்தனர், இந்தியா தோற்றது. போத்தமின் 114 ஓட்டங்களும் 13 விக்கெட்டுகளும் ஆட்டக் கணக்கில் ஏறின. விசுவநாத்தின் செயலை எழுத அக்கணக்கில் கட்டமே இல்லை. 1987 உலகக் கோப்பையில், லாகூரில், பந்து வீசுமுன் கோட்டை விட்டு நகர்ந்த சலீம் ஜாபரை வால்ஷ் ஆட்டமிழக்கச் செய்யாது விட்டார். மேற்கிந்தியத் தீவுகள் அணி அவ்வாட்டத்தில் தோற்றது, அரையிறுதிக்கும் செல்லவில்லை.

2011இல் நாட்டிங்காமில் இயான் பெல்லைத் திரும்ப அழைத்த தோனிக்கோ சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் விருதளித்தது. அதனால் அச்செயல் சிறுமையுற்றதா? இல்லை. விருதை எண்ணிச் செய்வது வேறு. செய்தபின் ஊரார் அறிந்து பாராட்டுவது வேறு.

நம் முன்னோர் இதனை அறிந்திருந்தனர். வெண்ணிப் போரில் வென்ற கரிகாலனை நோக்கியே, அவனிடம் தோற்றுப் புறப்புண் நாணி வடக்கிருந்த சேரன் அவனினும் மேலானவன் என்று பாடினார் வெண்ணிக் குயத்தியார். புறநானூற்றின் 66ஆம் பாடல் அது.

இன்று அணிகளைப் பெருக்குவோம், பிற தீவினரையும் அழைப்போம் என்கின்றனர். 2018இல் ரஞ்சிக் கோப்பையில் ஒன்பது புதிய அணிகள் சேர்ந்தபோது அந்தமான் அவற்றுள் இல்லை. ஆதலின் வங்காளியரும் தெலுங்கரும் மலையாளிகளும் நம்மவரும் கூடியாடும் இத்திடல் விரிவது நன்றே. ஆயினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். சிறிய வட்டத்தில், ஏமாற்றியவன் மறுநாள் கடைத்தெருவில் நம் முகத்தைப் பார்த்தாக வேண்டும். வட்டம் விரிந்தால் அந்நாணம் தளரும். அதன் இடத்தை நிரப்ப விதிகள் வரும். விதி தவற்றைத் தடுக்கலாம். பெருந்தன்மையைப் பிறப்பிக்க அதனால் இயலாது.

எனவே பண்புக்கும் ஒரு பரிசு வைப்போம். பணமுடிப்பு வேண்டா. அதற்குரியவரைத் தேர்பவர் எதிரணியினராக இருக்கட்டும். தோற்கடிக்க வந்தவர் வாயிலிருந்து புகழை நடித்துப் பெறுதல் அரிதன்றோ?

அப்பரிசு வரும்வரை காத்திராது, அன்று சொல்லத் தவறிய சொல்லை இங்கே சொல்லிவிடுகின்றோம்: தம்பி, நீ செய்ததே சரி.