நியமித்தவர் முகமா, மக்கள் முகமா?

தோட்டத்துக் கிராணிகளாகிய நாம் ஒன்றறிவோம்: செக்ரோலில் பெயர் பதிபவர் எவரோ, அவர் முகத்தையே ஆட்கள் நோக்குவர். சர்வகலாசாலையை ஆளும் சபையினர்க்கும் இது பொருந்தாதோ?

மலேசியாவில், 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், பெரும்பாலான அரசாங்கச் சர்வகலாசாலைகளின் ஆட்சிச் சபையினரை உயர்கல்வி மந்திரியே நியமிக்கிறார். அமெரிக்காவிலுள்ள மிச்சிகன் சர்வகலாசாலையிலோ, 1850-ஆம் ஆண்டு அரசியற் சட்டந்தொட்டு, சபையினரைப் பொதுஜனங்களே ஓட்டளித்துத் தேர்ந்து வருகின்றனர். இன்று அங்கத்தினர் 8 பேர், பதவிக்காலம் 8 ஆண்டு, சம்பளமில்லை.

இதுவன்றோ குடியாட்சி என நாமும் முதலில் மகிழ்ந்தோம். ஆனால், வேட்பாளரை நிறுத்துவன கட்சி மாநாடுகளே! பெயரும் அறியாத ஒருவருக்குக் கட்சியைக் கண்டு ஓட்டளித்தால், மந்திரியிருந்த இடத்தில் கட்சியை எஜமானாக்கியதாகாதா?

ஆயினும் ஒரு பேதமுண்டு. அங்கே தவறிழைத்தவர் மீண்டும் பதவி வேண்டின், ஜனங்களிடம் வந்து நிற்றல் வேண்டும். இங்கே பால்மரம் வெட்டி மகளைச் சர்வகலாசாலைக்கு அனுப்பிய நம் தோழர் குறையொன்று சொல்ல எவரிடம் போவார்? சபையில் அமர்ந்திருப்போர் பெயரையேனும் அவருக்கு எவரும் சொன்னதுண்டா?