ஊனமுற்றோரும் உத்தியோகமும்

ஊனமுற்றோருக்குப் பொருள் கொடுப்பது தருமம் என்பதை நம்மவர் யாவரும் ஒப்புவர். அவர்களுக்கு வேலை கொடுப்பது எதைச் சேர்ந்தது? அதுவும் தருமந்தானா, அன்றி நாம் செய்தே தீரவேண்டிய கடமையா? இக்கேள்வி நமக்கு ஏட்டிலிருந்து எழுந்ததன்று.

சில ஆண்டுகளுக்கு முன் நாம் கணக்கெழுதி வந்த ஒரு தோட்டத்தில், செம்பனைக் குலை வெட்டும் தொழிலாளி ஒருவருக்குக் கண்ணில் அடிபட்டு, ஒரு கண்ணின் பார்வை போயிற்று. சொக்சோ உதவித்தொகைக்குரிய பாரங்களை நாமே நிரப்பினோம். நன்கொடைப் பட்டியல் ஒன்றும் சுற்றுக்கு விட்டோம். முதல் வரியில் நம் பெயர், எதிரே ஐம்பது வெள்ளி. அதே வாரம் செக்ரோலில் அவர் பெயரை அடித்ததும் நம் பேனாதான். "பணம் இருக்கட்டும், கிராணியாரே, பெரட்டிலே என் பேரைக் கூப்பிடச் சொல்லுங்கள்" என்றார் அவர். குலைகளை எண்ணுவதற்கு ஒரு கண் போதாதா? அன்று நமக்கு அது தோன்றவேயில்லை. மேலிடத்து உத்தரவு என்று கூறித் தப்பித்துக்கொண்டோம். பெயர் போனால் லயத்து வீடும் போகும் என்பதைத் தோட்டத்து வாசகர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

கொடுப்பவன் புண்ணியம் தேடிக்கொள்ள வேண்டுமானால், வாங்குபவன் என்றும் கையேந்தியே நிற்கவேண்டும். ஊனம் முற்பிறப்பின் வினை என்ற வைதிகர், இதற்கொரு தத்துவமும் வகுத்துத் தந்துவிட்டனர்.

நிற்க. சர்க்கார் வாளாவிருந்தது என்று சொல்லமாட்டோம். அரசாங்க உத்தியோகங்களில் நூற்றுக்கு ஒன்று ஊனமுற்றோருக்கு என்ற சுற்றறிக்கை 1988இல் வந்தது; 2008இல் மீண்டும் வந்தது. அவ்வாண்டே உடற்பேறு குறைந்தோர் சட்டமும் பிறந்தது. ஏனையோரோடு சமமாக வேலை பெறும் உரிமை அதில் எழுதப்பட்டது. அவ்வுரிமையை மறுக்கும் முதலாளிக்குத் தண்டனை எழுதப்படவில்லை. நூற்றுக்கு ஒன்று என்ற எண்ணோ முப்பதாண்டு கடந்தும் எட்டப்படாமல் நின்றது. மீறினால் கேட்பாரில்லாத வாக்கு, சட்டப் புத்தகத்தில் இருந்தாலும், தருமக் கணக்கில்தான் சேரும்.

தருமம் செய்பவன், பெறுபவனுக்கு எது போதும் என்பதையும் தானே தீர்மானிக்கிறான். 1951இல் தோன்றிய பார்வையற்றோர் சங்கம், பிரிக்பீல்ட்ஸில் எத்தனையோ பேரைத் தொழிலுக்குப் பழக்கியது, அது அரும்பணியே. ஆனால் பொதுமக்களோ, கண்ணில்லாதவர் என்றால் உடம்பு பிடிப்பவர் அல்லது தொலைபேசி எடுப்பவர் என்று முடிவு கட்டிவிட்டனர். (அவர்களுக்கென்று நடைபாதையில் பதித்த ஓடுகளின் மேல் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு இரக்கம் பேசுவோரையும் கண்டிருக்கிறோம்.) பிறப்பைக் கொண்டு தொழில் வகுப்பது அநீதி என்று மேடைதோறும் முழங்கும் நாம், கண்ணைக் கொண்டு தொழில் வகுப்பதை மட்டும் எந்த நியாயத்தால் ஒப்புகிறோம்? எழுத்தைக் கணினியே வாசித்துச் சொல்லும் இக்காலத்தில், நம் நாற்காலியில் அமர்ந்து செக்ரோல் எழுதக் கண்ணில்லாதவராலும் ஆகும். இதை எழுதும்போது நமக்கே சற்று அச்சம் உண்டாகிறது என்பதையும் மறைக்கவில்லை.

இப்பொழுது நாம் இருக்கும் தோட்டத்தில், எடைமேடையில் சீட்டெழுத ஓர் ஆள் தேவை. ஒரு காலை இழந்த இளைஞர் ஒருவர் கிள்ளானிலிருந்து மனுச் செய்திருக்கிறார். அவரை எடுக்கலாமென்று மேலிடத்துக்கு எழுதினோம். "பரிதாபந்தான், ஆனால்" என்று தொடங்கி மறுமொழி வந்தது. பரிதாபத்தை நாம் கேட்கவில்லையென்று திரும்ப எழுதியிருக்கிறோம். இன்னும் பதில் இல்லை.